பழைய டிரைவ் வாங்கலாமா? விலை பேசும் முன் தகட்டைப் படியுங்கள்!

மோட்டார், பம்ப்செட், மின்சாரம் சம்பந்தமான வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

*“எட்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். பழைய விலைக்குத் தீவனம் வெட்டும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். அதில் இருப்பது 3 எச்.பி த்ரீ பேஸ் மோட்டார். மாட்டுக்கொட்டகையில் இருப்பதோ வீட்டு இணைப்பின் சிங்கிள் பேஸ் மின்சாரம். ‘டிரைவ் ஒன்று வைத்தால் இதே மோட்டார் ஓடும்’ என்கிறார்கள். கோயம்புத்தூரில் மில் சாமான்கள் விற்கும் பழைய கடையில் மூன்று டிரைவ் காட்டினார்கள். மூன்றின் தகட்டில் இருந்ததையும் என் மகன் எழுதி வந்திருக்கிறான். ஒரு மாதப் பால் பணத்தைப் போட்டு வாங்கப்போவதால் பயமாக இருக்கிறது. எதை வாங்கலாம்?”*

– வாசகி, காங்கேயம் வட்டம்.

பணம் கொடுப்பதற்கு முன்பே தகட்டை எழுதி வந்தார் பாருங்கள், உங்கள் மகன் செய்தது சரியான வேலை. பழைய டிரைவ் வாங்கி ஏமாந்தவர்களில் பலர் பார்த்தது எச்.பி எத்தனை, விலை எவ்வளவு என்பதை மட்டும்தான். டிரைவைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது இன்புட் வோல்டேஜ். அடுத்தது அவுட்புட் ஆம்பியர். எச்.பி கணக்கு அதற்குப் பிறகுதான்.

டிரைவ் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது சுலபமாகப் புரியும். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து மூன்று வாய்க்காலுக்கு முறை வைத்து மடை திறந்துவிடுகிறோம் அல்லவா, அதே வேலைதான். வருகிற ஏ.சி மின்சாரத்தை டிரைவ் டி.சியாக மாற்றி, கெபாசிட்டர் என்ற தொட்டியில் தேக்குகிறது. பிறகு மூன்று வழியாக, மாற்றி மாற்றி மோட்டாருக்கு விடுகிறது. மடையை எவ்வளவு வேகமாகத் திறந்து மூடுகிறதோ, அந்த வேகத்துக்கு மோட்டார் சுற்றும். நமது லைன் 50 ஹெர்ட்ஸ். டிரைவ் அதை 20, 30, 40 என்று நமக்கு வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும்.

ஆனால், தொட்டியில் ஏறியதற்கு மேல் வாய்க்காலில் தண்ணீர் வராது. 230 வோல்ட் உள்ளே போனால், சாதாரண டிரைவிலிருந்து 230 வோல்ட்தான் வெளியே வரும். சிங்கிள் பேஸ் த்ரீ பேஸாக மாறுமே தவிர, 415 வோல்ட்டாக உயராது. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று தகட்டையும் பார்ப்போம்.

முதல் டிரைவ்

மாடல்: வி.எஃப்.டி 022 இ 21 ஏ. இன்புட்: 1 பேஸ், 200–240 வோல்ட். அவுட்புட்: 3 பேஸ், 0–240 வோல்ட், 11 ஆம்பியர், 2.2 கிலோவாட்.

இது டெல்டா நிறுவனத்தின் மாடல் எண். இதில் 022 என்பது 2.2 கிலோவாட், அதாவது 3 எச்.பி. கடைசியில் வரும் 21 என்பதில், 2 என்றால் 230 வோல்ட் வகை, 1 என்றால் சிங்கிள் பேஸ் இன்புட். உங்கள் வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்துவது இதுதான். ஆனால், மோட்டார் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது டிரைவ்

இன்புட்: 3 பேஸ், 200–240 வோல்ட். அவுட்புட்: 17 ஆம்பியர், 3.7 கிலோவாட்.

வெளிநாட்டு இயந்திரங்களிலிருந்து கழற்றிய டிரைவ்களில் இந்த வகை வரும். ஜப்பானில் த்ரீ பேஸ் என்பதே 200 வோல்ட்தான். நம் ஊரில் த்ரீ பேஸ் 415 வோல்ட். ‘5 எச்.பி, த்ரீ பேஸ்’ என்று நம்பி, தோட்டத்து லைனில் இதைக் கொடுத்தால் அந்த நிமிடமே வெடித்துவிடும். சிங்கிள் பேஸ் கொடுத்து, பாதிக் கொள்ளளவில் இதை ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால், ஒரு பேஸ் வழியாகவே முழு மின்சாரமும் போவதால் உள்ளே இருக்கும் டையோடும் கெபாசிட்டரும் சூடாகும். ‘பேஸ் இல்லை’ என்று சொல்லி டிரைவே நின்றுவிடவும் கூடும். பொருத்தமான முதல் டிரைவ் கிடைக்கும்போது இதை வாங்க வேண்டாம்.

மூன்றாவது டிரைவ்

மாடல்: வி.எஃப்.டி 037 இ 43 ஏ. இன்புட்: 3 பேஸ், 380–480 வோல்ட். அவுட்புட்: 8.2 ஆம்பியர், 3.7 கிலோவாட்.

இங்கே 43 என்றால் 400 வோல்ட் வகை, த்ரீ பேஸ். த்ரீ பேஸ் இணைப்பு உள்ள இடத்துக்கு இது நல்ல டிரைவ். உங்கள் கொட்டகையில் 230 வோல்ட் கொடுத்தால், ‘வோல்டேஜ் குறைவு’ என்று காட்டிவிட்டு ஓடாது.

மற்ற நிறுவனங்களின் எண்களிலும் இந்த விவரம் ஒளிந்திருக்கும். மிட்சுபிஷியில் எஃப்.ஆர் டி 720 எஸ் என்றால் 200 வோல்ட் வகை, சிங்கிள் பேஸ். 740 என்று வந்தால் 400 வோல்ட் வகை. ஏ.பி.பி நிறுவனத்தின் ஏ.சி.எஸ் 355 வகையில் 01 என்றால் சிங்கிள் பேஸ், 03 என்றால் த்ரீ பேஸ். நடுவில் 09ஏ8 என்று இருந்தால் 9.8 ஆம்பியர். கடைசி எண் 2 என்றால் 200–240 வோல்ட், 4 என்றால் 380–480 வோல்ட். தகடு தேய்ந்து படிக்க முடியாமல் போயிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

மோட்டாரில் என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் மோட்டாரின் தகட்டையும் படியுங்கள். 3 எச்.பி மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட்டில் ஸ்டார் இணைப்பில் ஓடும். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு முனைகள் இருக்க வேண்டும். அந்த ஆறையும் டெல்டாவாக மாற்றிக் கட்டினால், அதே மோட்டார் 240 வோல்ட்டில் முழுத் திறனோடு ஓடும். ஆனால், ஆம்பியர் 1.73 மடங்கு கூடும். தகட்டில் 4.7 ஆம்பியர் என்று இருந்தால், டெல்டாவில் சுமார் 8.1 ஆம்பியர். முதல் டிரைவ் 11 ஆம்பியர் தரும் என்பதால் தாங்கும்.

மூன்று ஒயர் மட்டும் வெளியே வந்திருந்தால், ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். ரீவைண்டிங் கடையில் கொடுத்து ஆறு முனையையும் வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். 5 எச்.பிக்கு மேற்பட்ட மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டிலேயே டெல்டாவில் ஓடுபவை. அவற்றுக்கு இந்த வழி உதவாது.

வீட்டு வயரிங்கையும் மறக்கக் கூடாது. 3 எச்.பி ஓட்டும்போது சிங்கிள் பேஸ் பக்கத்தில் டிரைவ் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட மெல்லிய ஒயரில் இதைக் கொடுத்தால் ஒயர் உருகிவிடும். மீட்டரிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்.சி.பி, நல்ல எர்த் ஆகியவை கட்டாயம். உங்கள் வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு இதற்குப் போதுமா, கொட்டகை வேலைக்கு அந்த இணைப்பைப் பயன்படுத்தலாமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். டிரைவ் விலை, ஒயர், எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து, ஒரு புது சிங்கிள் பேஸ் மோட்டார் விலையைத் தொட்டுவிட்டால், புது மோட்டாரே மேல். அதற்கு வாரன்டியும் உண்டு.

கடையில் எப்படிச் சோதிப்பது?

முதலில், அது டிரைவ்தானா என்று பாருங்கள். பழைய கடையில் ஒரே மாதிரிப் பெட்டிகள் பல இருக்கும். அவுட்புட் முனையில் யு, வி, டபிள்யூ என்றும், தகட்டில் அவுட்புட் ஹெர்ட்ஸ் அளவும் இருந்தால் அது டிரைவ். ஹெர்ட்ஸ் மாற்றும் வசதியே இல்லாமல், 2டி1, 4டி2, 6டி3 என்று மட்டும் முனைகள் இருந்தால் அது சாஃப்ட் ஸ்டார்ட்டராக இருக்கலாம். அது வேகத்தை மாற்றாது, சிங்கிள் பேஸை த்ரீ பேஸாகவும் ஆக்காது. என்கோடர் என்று தனி சாக்கெட் இருந்தால் சர்வோ டிரைவாக இருக்கலாம். அதற்கென்று உள்ள மோட்டாரோடுதான் அது ஓடும். ஆர்மேச்சர், ஃபீல்டு என்று முனைகள் இருந்தால் அது டி.சி மோட்டாருக்கான டிரைவ். மூன்றுமே உங்களுக்கு உதவாது.

அடுத்து, மல்டிமீட்டர் சோதனை. கரன்ட் கொடுக்காத நிலையில், மீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். கறுப்பு முனையை டிரைவின் பி ப்ளஸ் முனையில் வைத்து, சிவப்பு முனையை இன்புட் முனைகளிலும், பிறகு யு, வி, டபிள்யூ முனைகளிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். சுமார் 0.3 முதல் 0.6 வரை, எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். சிவப்பை மைனஸ் முனையில் வைத்து, கறுப்பை மற்றவற்றில் வைத்தாலும் அப்படியே. முனைகளை மாற்றிப் பிடித்தால் எதுவும் காட்டக் கூடாது. ஏதாவது ஒன்றில் பூஜ்ஜியம் காட்டினால் உள்ளே ஷார்ட். அந்த டிரைவைத் தொட வேண்டாம்.

பி1, பி ப்ளஸ் என்று இரண்டு முனை இருந்தால், இரண்டையும் இணைக்கும் சிறிய பித்தளைப் பட்டை இருக்க வேண்டும். கழற்றும்போது அதைத் தொலைத்துவிடுவார்கள். பட்டை இல்லாமல் டிரைவ் ஓடாது. கீபேட் இருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, பஞ்சும் தூசியும் அடைத்திருக்கிறதா, கருகிய வாசனை வருகிறதா, கெபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, மோட்டார் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லோடு இல்லாத சின்ன மோட்டாரை ஐந்து நிமிடம் சுற்றிக் காட்டுவது சோதனையே அல்ல. முடிந்தால் லோடோடு அரை மணி நேரம் ஓட்டி, கிளாம்ப் மீட்டரால் மூன்று ஒயரிலும் ஆம்பியர் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வசதி இல்லை என்றால், ‘வீட்டில் மாட்டிப் பார்த்து ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம்’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், அடுத்த கடையைப் பாருங்கள்.

ஓட்டுவதற்கு முன்… கை பத்திரம்!

பழைய டிரைவில், முன்பு வைத்திருந்தவர் போட்ட செட்டிங் அப்படியே இருக்கும். மில்லில் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய டிரைவாகவும் இருக்கலாம். அதை அப்படியே மாட்டினால், கத்தி பொருத்திய சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றி உடைந்து பறக்கும். கரன்ட் போய்த் திரும்ப வந்தால் தானாகவே ஓடத் தொடங்கும் செட்டிங்கும் பல டிரைவ்களில் உண்டு. கரன்ட் இல்லையே என்று கையை விட்டுத் தட்டை எடுக்கும் நேரத்தில் கத்தி சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால், முதல் வேலையாக ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பிறகு அதிகபட்ச வேகம் 50 ஹெர்ட்ஸ், அடிப்படை வேகம் 50 ஹெர்ட்ஸ், மோட்டார் வோல்டேஜ் 230, மோட்டார் ஆம்பியர் 8.1 (உங்கள் தகட்டுக் கணக்குப்படி) என்று போட வேண்டும். தானாக ஓடும் வசதியை நிறுத்திவிட வேண்டும். வேகம் எடுக்கும் நேரம் 10 விநாடி இருக்கட்டும். தட்டு வைக்காமல் ஓட்டி, வேகம் எடுத்த பிறகு கொடுங்கள். கனமான சக்கரத்தை டிரைவ் மூலம் சட்டென்று நிறுத்தினால், மோட்டாரே மின்சாரத்தை டிரைவுக்குத் திருப்பி அனுப்பி, ‘ஓவர் வோல்டேஜ்’ என்று ட்ரிப் ஆகும். தானாகச் சுற்றி நிற்கும் செட்டிங்கே போதும். அதுவரை கை அருகில் போகக் கூடாது. அடைப்பு எடுக்கும்போது டிரைவின் ஸ்டாப் பட்டனை நம்பாமல், மெயின் சுவிட்சையே நிறுத்துங்கள்.

*“போர்வெல்லில் 5 எச்.பி நீர்மூழ்கி மோட்டார் இருக்கிறது. பழைய டிரைவ் வைத்தால் கரன்ட் மிச்சமாகும், தண்ணீரும் கூடும் என்கிறார்கள். உண்மையா?”*

– வாசகர், ஒட்டன்சத்திரம்.

தண்ணீரை டிரைவ் உண்டாக்காது. போரில் ஊறுவதுதான் வரும்.

மோட்டார் வேகத்தை 50-லிருந்து 40 ஹெர்ட்ஸாகக் குறைத்தால், பம்ப் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும் என்பது உண்மைதான். ஆனால், தண்ணீரைத் தூக்கும் உயரமும் 100-க்கு 64 பங்காகக் குறைந்துவிடும். அதிகபட்சம் 400 அடி தூக்கும் பம்ப் என்றால், 40 ஹெர்ட்ஸில் 256 அடிதான் தூக்கும். உங்கள் தண்ணீர் மட்டம் 300 அடியில் இருந்தால் ஒரு சொட்டும் மேலே வராது. ஆனால், மோட்டார் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். நீர்மூழ்கி மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது. தண்ணீர் ஓடவில்லை என்றால் காயில் போய்விடும். இந்த மோட்டார்களை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டவே கூடாது. மாறாக, 60 ஹெர்ட்ஸ் வைத்து அதிகத் தண்ணீர் எடுக்கலாம் என்று நினைத்தால், லோடு 1.7 மடங்காகி மோட்டார் எரியும்.

இலவச மின்சார இணைப்பு என்றால் பில்லிலும் மிச்சம் எதுவும் இல்லை. அதோடு, டிரைவிலிருந்து வருவது வெட்டி வெட்டி வரும் மின்சாரம். நூறு, இருநூறு மீட்டர் கேபிளில் போகும்போது, மோட்டார் முனையில் வோல்டேஜ் ஆயிரத்துக்கு மேல் துள்ளும். ஏற்கெனவே ரீவைண்டிங் செய்த பழைய மோட்டாரின் காயில் இதைத் தாங்காது. அதற்கென்று அவுட்புட் சோக் அல்லது ஃபில்டர் தனியாக வாங்க வேண்டும். மோட்டாரை வெளியே எடுத்து, ரீவைண்டிங் செய்து, திரும்ப இறக்கும் செலவை நினைத்துப் பாருங்கள். ஆழமான போர்வெல்லுக்குப் பழைய டிரைவ் வேண்டாம் என்பதே என் பதில்.

மேலே இருக்கும் கிணற்று மோட்டாரில், சொட்டுநீருக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க டிரைவ் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டார்ட்டரோடு மாட்டியிருக்கும் கெபாசிட்டரைக் கழற்றிவிட வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கெபாசிட்டரோ, ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரோ இருக்கக் கூடாது. அதேபோல, லைனை யு, வி, டபிள்யூ முனைகளில் தவறிக் கொடுத்தால் டிரைவ் அங்கேயே முடிந்துவிடும்.

*“மூடிப்போன நூற்பாலையில் இருந்து வாங்கிய டிரைவ், இரண்டு வருடத்துக்கு மேலாக வீட்டில் சும்மா கிடக்கிறது. நேராகக் கரன்ட் கொடுக்கலாமா?”*

– வாசகர், உடுமலைப்பேட்டை.

கொடுக்காதீர்கள். வருடக்கணக்கில் கரன்ட் காணாத கெபாசிட்டர் உள்ளே பலவீனமாகியிருக்கும். 415 வோல்ட் டிரைவில், கெபாசிட்டருக்குச் சுமார் 587 வோல்ட் டி.சி ஏறும். ஒரேயடியாக ஏறினால் வெடிக்க வாய்ப்பு உண்டு. வறண்டு கிடந்த ஏரிக்கரையில் முதல் நாளே முழுத் தண்ணீரைத் தேக்குவது போலத்தான்.

டிம்மர்ஸ்டாட் வைத்திருக்கும் ரிப்பேர் கடையில் கொடுத்து, மோட்டார் மாட்டாமல், கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று வோல்டேஜை மெதுவாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரமாவது வைத்து, பிறகு முழு வோல்டேஜுக்கு வரச் சொல்லுங்கள். இந்தக் கெபாசிட்டர்களின் ஆயுளே சுமார் 5 முதல் 10 வருடம்தான். தகட்டில் தயாரித்த வருடம் அதைவிடப் பழையது என்றால், கெபாசிட்டரும் ஃபேனும் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மெயினை நிறுத்திய பிறகும் டிரைவுக்குள் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும். குறைந்தது 15 நிமிடம் காத்திருந்து, ப்ளஸ் மைனஸ் முனைகளில் மீட்டர் வைத்து, வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். விளக்கு அணைந்துவிட்டதே என்று தொடக் கூடாது. தெரிந்த எலெக்ட்ரீஷியன் இல்லாமல் திறக்கவே வேண்டாம்.

மாட்டும் இடத்தில் வெயிலும் ஈரமும் படக் கூடாது. காற்றுப்போக்கு இருக்க வேண்டும். ஆனால் பல்லி, எறும்பு நுழையக் கூடாது. வலை அடித்த பெட்டிக்குள் வைத்து, மாதம் ஒரு முறை மெயினை நிறுத்தி, வெளித்தூசியைத் துடையுங்கள்.

மோட்டார், டிரைவ் சம்பந்தமாகக் கேள்வி அனுப்பும் வாசகர்கள், இரண்டின் தகட்டிலும் உள்ளதை ஓர் எழுத்துகூட விடாமல் எழுதி அனுப்புங்கள். தகடு தெரிந்தால்தான் பதில் சரியாகச் சொல்ல முடியும்.